செலவுக் கணக்கில் விடுபட்ட வரி

வாசகர் கேள்வி – பதில்

தடையற்ற வர்த்தக ஒப்பந்தங்களைப் பற்றிப் போன இதழில் எழுதியபோது, "மலிவாகக் கிடைக்கும் பொருளின் மீதி விலையை வேறு யாரோ கொடுத்திருக்கிறார்கள்" என்று ஒரு வாக்கியம் போட்டிருந்தேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. பாதிக்கு மேல் கோபக் கடிதங்கள். இந்த இதழ் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

என்னைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு: 1984 முதல் 2014 வரை திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்தவள் நான். முதல் நான்கு ஆண்டுகள் செக்கிங் மேசையில் நின்றேன். தட்டச்சு கற்றுக்கொண்ட பிறகு ஏற்றுமதி ஆவணப் பிரிவில் உட்கார்ந்தேன். பிறந்த ஊர் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கிட்டத்தில், நொய்யல் ஓரத்தில். என் பதில்கள் எல்லாம் இந்த இரண்டு இடங்களிலிருந்து வருபவை.

கல்லூரியில் பொருளாதாரம் படிக்கிறேன். ரிக்கார்டோவின் கோட்பாட்டின்படி வர்த்தகத்தால் இரண்டு நாடுகளுக்கும் லாபம் என்று பேராசிரியர் கணக்குப் போட்டே காட்டினார். நீங்கள் நஷ்டத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். கோட்பாடு தவறா?
– மாணவி, சேலம்

தவறில்லை, அம்மணி. ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் டேவிட் ரிக்கார்டோ 1817இல் எழுதிய அந்த உதாரணத்தை நானும் பென்சிலை வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்திருக்கிறேன். துணி, ஒயின் இரண்டையுமே போர்ச்சுகல் குறைந்த உழைப்பில் செய்ய முடியும். ஆனாலும் அது ஒயினோடு நிற்க, இங்கிலாந்து துணியோடு நிற்க, இருவருக்கும் கூடுதலாகக் கிடைக்கிறது. கணக்கு சரியாகத்தான் வருகிறது.

உன் பேராசிரியரிடம் ஒன்று கேள். துணி நெய்துகொண்டிருந்த போர்ச்சுகல் நெசவாளி எந்தத் தேதியில் திராட்சைத் தோட்டக்காரன் ஆகிறான்? கரும்பலகையில் அடுத்த நொடியே ஆகிவிடுகிறான். ஊரில் அப்படி நடப்பதில்லை. இருபது ஆண்டுகள் தறியில் பழகிய கைக்குக் கொடியை வெட்டத் தெரியாது. தோட்டமும் அவன் ஊரில் இருக்காது. வீட்டை விற்றுவிட்டுப் போகலாம் என்றால், வேலை போன ஊரில் வீட்டை வாங்க ஆள் வராது.

இதை அமெரிக்காவில் அளந்தே பார்த்தார்கள். ஆட்டர், டோர்ன், ஹான்சன் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு, சீன இறக்குமதியால் அடிபட்ட அமெரிக்க ஊர்களை எடுத்துக்கொண்டது. அந்த மக்கள் வேறு ஊர்களுக்கும் பெரிதாக நகரவில்லை, வேறு வேலைகளும் எளிதில் கிடைக்கவில்லை. 1999 முதல் 2011 வரை 20 முதல் 24 லட்சம் வேலைகள் அப்படிப் போயிருக்கும் என்று அடுத்து வந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. நாட்டுக்கு மொத்தத்தில் லாபம் என்பதும் அந்த ஊர்க்காரர்களின் நஷ்டமும் ஒரே சமயத்தில் உண்மையாக இருந்தன. உன் பாடப்புத்தகம் முதல் பாதியோடு நின்றுவிடுகிறது என்பதுதான் என் வருத்தம்.

நீங்கள் சாப்பிட்ட சோறே ஏற்றுமதியில் வந்தது. திருப்பூரை வளர்த்த வர்த்தகத்தில் மறைந்திருக்கும் செலவு என்று எதைச் சொல்கிறீர்கள்?
– மெர்ச்சண்டைசர், திருப்பூர்

ஆமாம் தம்பி, அந்தச் சோறுதான். என் தங்கையின் கல்யாணம், தம்பியின் படிப்பு, நான் என் பெயரில் வாங்கிய மூன்று சென்ட் இடம் எல்லாம் அதில் வந்தவை. மானாவாரிக் காட்டில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு வாராவாரம் சம்பளம் வந்தது திருப்பூரால். இதை மறுப்பவர்களோடு நான் சண்டை போடுவேன்.

இப்போது உன் மேசையில் இருக்கும் காஸ்ட் ஷீட்டை, ஒரு சட்டையின் செலவை வரி வரியாக எழுதும் அந்தத் தாளை, எடு. நான் தட்டச்சு செய்த காலத்தில் அதில் இருந்தவை: நூல், நிட்டிங், சாயக்கூலி, காம்பாக்டிங், கட்டிங், பவர் டேபிள் தையல், கைமடி, செக்கிங், அயர்னிங், பாலிதீன் பை, அட்டைப்பெட்டி, தூத்துக்குடி வரை லாரி வாடகை. பட்டனுக்குத் தனி வரி உண்டு. லேபிள் தைக்கும் நூலுக்கும் உண்டு. சாயமேற்றிய தண்ணீர் எங்கே போகிறது என்பதற்கு வரி இல்லை.

பருத்தியில் சாயம் ஏற வேண்டுமென்றால் உப்பைக் கொட்ட வேண்டும். உப்பு துணியில் தங்காது. சாயத்தைத் துணியோடு ஒட்டவைத்துவிட்டு அலசும் தண்ணீரோடு வெளியேறிவிடும். ஒவ்வொரு கிலோ துணிக்கும் குடம் குடமாக அப்படி வந்த தண்ணீர் நொய்யலில் இறங்கியது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, பேரூர்க் கோயிலைத் தொட்டு, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேருகிற ஆறு அது. அதன் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992இல் அணை திறந்தார்கள். பாசனத்துக்காகக் கட்டிய அணை. வெள்ளம் வரும் காலம் தவிர மற்ற நாட்களில் அதில் தேங்கியது திருப்பூரின் கழிவு நீர்தான்.

அப்பா அந்த அணையை நம்பி மஞ்சள் போட நினைத்திருந்தார். இரண்டே ஆண்டுகளில் அறுபதடிக் கிணறு மாறியது. அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார். துவரம்பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் வேகவில்லை. பருப்பு பழசு என்று கடைக்காரரிடம் சண்டை போட்டுவிட்டு வந்தார். அப்புறம் சோப்பு நுரைக்கவில்லை. எருமை தொட்டியில் வாயை வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. தென்னை ஓலை நுனியிலிருந்து கருகி வந்தது. அணைத் தண்ணீரைத் திறந்துவிடுங்கள் என்று கேட்க வேண்டிய விவசாயிகள், தயவு செய்து திறக்காதீர்கள் என்று மனுக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் வேறெந்த அணைக்கும் இப்படி ஒரு மனுப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அதே ஆண்டுகளில்தான் நான் திருப்பூரில் உட்கார்ந்து நாளைக்கு ஏழெட்டு இன்வாய்ஸ் அடித்துக்கொண்டிருந்தேன். ஊருக்குப் போனால் அப்பா எதுவும் கேட்கமாட்டார். போகும்போது மட்டும், "கொஞ்சம் நல்ல தண்ணி கொண்டு வந்திருக்கலாம்" என்பார். அடுத்த முறையிலிருந்து பஸ்ஸில் ஒரு கேனை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவு நீர்கூட வெளியே வரக்கூடாது என்று உயர் நீதிமன்றம் 2006இல் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் 2009இல் அதை உறுதி செய்தது. அதன் பிறகும் ஆறு தெளியாததால் 2011 ஜனவரி 28 அன்று எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளில் மின்சாரம் நின்றது. வெளிமாநிலப் பையன்கள் மூட்டையோடு ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அவர்கள் செய்த தவறு ஒன்றுமில்லை. சாயப்பட்டறைக்காரர்கள் எல்லோரும் கொடியவர்கள் என்றும் நான் சொல்லமாட்டேன். உப்பைப் பிரிக்கும் இயந்திரங்களுக்குக் கடன் வாங்கிக் கரைந்துபோன குடும்பங்களை எனக்குத் தெரியும்.

என்னால் மறக்க முடியாதது வேறு. பட்டறைகள் சுத்திகரிப்போடு மறுபடி ஓடத் தொடங்கியபோது சாயக்கூலி ஏறியது. சட்டை ஒன்றுக்குச் சில சென்ட் கூட்டித் தாருங்கள் என்று, எங்களிடம் சரக்கு வாங்கும் ஐரோப்பிய பையர்களுக்கு நாங்கள் எழுதினோம். ஆற்றைக் காப்பாற்றும் செலவு இது என்று தெளிவாகவே எழுதினோம். வந்த பதில்களில் பெரும்பாலும் ஒரே விஷயம்: வங்கதேசத்தில் இதைவிடக் குறைவாகக் கிடைக்கிறது. கிடைக்கத்தான் செய்யும். 2001 முதல் வங்கதேச ஆடைகளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் சுங்க வரி இல்லை. நம் டி-ஷர்ட்டுக்கு அப்போது 9.6 சதவீதம். நொய்யலுக்கான அந்தச் சில சென்ட்டைப் பையர் கொடுக்கவில்லை, சட்டை போட்டவரும் கொடுக்கவில்லை. அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளாக அதைக் கொடுத்துவந்தது என் அப்பாவின் கிணறு. தம்பி, நான் சொல்லும் மறைந்த செலவு அதுதான்.

பேரனுக்கு 199 ரூபாய்க்குச் சட்டை வாங்கினேன். உங்கள் கட்டுரையைப் படித்த பிறகு கை கூசுகிறது. மலிவான துணி வாங்குவது பாவமா?
– இல்லத்தரசி, சென்னை

கூச வேண்டாம், சகோதரி. குழந்தைக்குச் சட்டை வாங்குவதில் பாவம் இல்லை. லேபிளைத் திருப்பிப் பாருங்கள். வங்கதேசத்தில் தைத்தது என்று இருக்கக்கூடும், 2011இல் நம் அரசு அவர்களுடைய ஆடைகளுக்குப் பெருமளவு சுங்க வரியை நீக்கியது.

டாக்காவுக்கு அருகே சாவரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் 2013 ஏப்ரல் 24 காலையில் இடிந்து விழுந்தது. 1,100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முதல் நாளே சுவரில் விரிசல் விட்டிருந்தது. கீழே இருந்த வங்கி தன் ஊழியர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டது. மேல்மாடித் தையல் தொழிலாளர்களை மட்டும் உள்ளே போகச் சொன்னார்கள், அனுப்ப வேண்டிய சரக்கு இருந்தது. எனக்கு அந்த அவசரம் தெரியும். கப்பல் தேதி தவறினால் விமானத்தில் அனுப்ப வேண்டும், அந்த வாடகையில் மொத்த லாபமும் போய்விடும். அன்று இரவு எங்கள் அலுவலகத்தில் யாரும் சாப்பிடவில்லை. சில சென்ட் குறைவாக அவர்கள் கொடுத்ததற்காக நாங்கள் திட்டிக்கொண்டிருந்த ஊர் அது.

அதற்குப் பிறகு இருநூறுக்கும் மேற்பட்ட ஆடை நிறுவனங்கள், சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. தொழிற்சாலைகளில் தூண், கதவு, மின்கம்பி எல்லாவற்றையும் சோதித்தார்கள், சரி செய்தார்கள். அதனால் சட்டை விலை யாருக்கும் எட்டாமல் போய்விடவில்லை. கட்டாயம் என்று வந்தால் காஸ்ட் ஷீட்டில் ஒரு வரியைச் சேர்க்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

ரேஷனில் பாமாயில் போடுகிறார்கள். தேங்காய் விலை போகாமல் குவிந்து கிடந்த காலத்திலும் அதையேதான் போட்டார்கள். தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்று நாங்கள் கேட்டால், இறக்குமதியால்தான் ஏழைகளுக்கு லாபம் என்கிறார்கள். உண்மையா?
– தென்னை விவசாயி, பொள்ளாச்சி

ஐயா, பாதி உண்மை. அட்டையோடு வரிசையில் நிற்கும் பெண்ணுக்கு அந்த ஒரு பாக்கெட் பெரிய உதவி. நானும் நின்றிருக்கிறேன்.

மீதிப் பாதியைச் சொல்கிறேன். 1986இல் எண்ணெய் வித்துகளுக்கென்று மத்திய அரசு தனி இயக்கம் தொடங்கியது. 1990களின் தொடக்கத்தில் சமையல் எண்ணெய்த் தேவையில் பெரும்பகுதியை நம் காடுகளே கொடுத்தன. 1994இல் பாமாயில் இறக்குமதி திறந்துவிடப்பட்டது, அடுத்து வந்த ஆண்டுகளில் வரியையும் குறைத்தார்கள். இன்று நாம் பயன்படுத்தும் எண்ணெயில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது.

எண்ணெய்க்கு எண்ணெய் என்று விலையை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் ஒன்றை விட்டுவிட்டார்கள். கடலையை ஆட்டினால் எண்ணெய் மட்டுமா வருகிறது? புண்ணாக்கு வருகிறது. மாடு அதைத் தின்று பால் கொடுக்கிறது. பறித்த கொடி காய்ந்தால் கோடைக்குத் தீவனம். வேர் முடிச்சு மண்ணுக்குத் தழைச்சத்து. மலேசியாவிலிருந்து வரும் எண்ணெயோடு புண்ணாக்கு வருவதில்லை. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் ஊர்ச் சாலையில் மூன்று ரோட்டரி செக்குகள் ஓடின. கடலை கொண்டு போனவர்கள் எண்ணெயைத் தூக்கில் வாங்கிக்கொண்டு புண்ணாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு வருவார்கள். அவை நின்ற பிறகு புண்ணாக்கைக் காசு கொடுத்து மூட்டையாக வாங்கினோம். பாமாயிலின் விலையில் இந்தப் புண்ணாக்கு மூட்டையையும் சேர்த்துப் பார்க்க வேண்டாமா?

சார்ந்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. 2022 ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியா தன் நாட்டில் எண்ணெய் விலை ஏறிவிட்டது என்று பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெயும் வராமல் இருந்த நேரம். ஏறக்குறைய மூன்றரை வாரம் தடை நீடித்தது, நம் ஊர்ப் பலகாரக் கடைகள் எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்தன. இழந்த விளைச்சலை மீட்க 2021இல் மத்திய அரசு 11,040 கோடி ரூபாயில் எண்ணெய்ப் பனை வளர்க்கும் திட்டத்தை அறிவித்தது. கடலைக்காரர்களைக் கைவிடாமல் இருந்திருந்தால் இதில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அந்தப் பக்கம் சுமத்திராவிலும் போர்னியோவிலும் காட்டை எரித்துத் தோட்டம் போட்ட புகை 2015இல் சிங்கப்பூர் வரை மூச்சை அடைத்தது. ஆகவே, ஐயா, உங்கள் கோரிக்கையை விடாதீர்கள்.

கொல்லிமலையில் மிளகு போடுகிறோம். இலங்கை வழியாக வெளிநாட்டு மிளகு வந்து விலையைக் கெடுக்கிறது என்கிறார்களே?
– மிளகு விவசாயி, நாமக்கல் மாவட்டம்

இந்திய – இலங்கை ஒப்பந்தம் 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. சலுகை இலங்கையில் விளைந்த மிளகுக்குத்தான். அதற்கு, எந்த நாட்டில் விளைந்தது என்று காட்டும் மூலச் சான்றிதழ் வேண்டும். வியட்நாம் மிளகு இலங்கைச் சான்றிதழோடு வருகிறது என்ற புகார் பல ஆண்டுகள் இருந்தது. கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த மிளகை இறக்குமதி செய்யக்கூடாது என்று 2017 டிசம்பரில் அரசு வரம்பு விதித்தது. நான் ஆயிரக்கணக்கில் மூலச் சான்றிதழ் நிரப்பியவள். அந்தத் தாளை நம்பித்தான் மொத்த ஒப்பந்தமும் நிற்கிறது, ஆனால் மூட்டையைப் பிரித்து எங்கே விளைந்தது என்று பார்ப்பவர்கள் மிகக் குறைவு. காரம் மிகுந்த நல்ல மிளகு விளைவிக்கும் இலங்கை விவசாயிக்கும் இதில் பெயர் கெட்டது என்பதை மறக்க வேண்டாம்.

ஏழை நாட்டுக்கு மலிவாக அரிசி வந்தால் நல்லதுதானே? பசிக்கு முன்னால் விவசாயி கணக்கு எதற்கு?
– ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், மதுரை

கரீபியன் கடலில் இருக்கும் ஹைத்தி என்ற நாட்டின் கதையைச் சொல்கிறேன். 1980கள் வரை அந்நாடு தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியைத் தானே விளைவித்தது. ஆர்த்திபோனித் பள்ளத்தாக்கு அதன் தஞ்சாவூர். 1995இல் அரிசி மீதான இறக்குமதி வரி 3 சதவீதத்துக்கு இறக்கப்பட்டது. அமெரிக்க அரசின் மானியத்தில் விளைந்த அரிசி வந்து குவிந்தது. "மியாமி அரிசி" என்று மக்கள் பெயர் வைத்தார்கள். முதலில் மலிவுதான், நீங்கள் சொல்வது சரி. விவசாயிகள் வயலை விட்டுத் தலைநகரின் குடிசைகளுக்குப் போனார்கள்.

2008இல் உலகச் சந்தையில் அரிசி விலை தாறுமாறாக ஏறியது. வாங்கக் காசில்லை, விளைவிக்க ஆளில்லை. ஹைத்தியின் தெருக்களில் பசிக் கலவரம் வெடித்து, பிரதமர் பதவி இழந்தார். 2010 மார்ச்சில், அந்த வரிக் குறைப்புக் காலத்தில் அமெரிக்க அதிபராக இருந்த பில் கிளிண்டன், செனட் குழுவின் முன் அது தவறு என்று ஒப்புக்கொண்டார். அர்கன்சாஸ் விவசாயிகள் சிலருக்கு அது நல்லதாக இருந்தது, ஹைத்தி தன் மக்களுக்குச் சோறு போடும் திறனை இழந்ததன் விளைவோடு தினமும் வாழவேண்டியிருக்கிறது என்றார். நீங்கள் பசியை முன்னால் வைக்கிறீர்கள், நானும் அப்படித்தான். அடுத்த பத்தாண்டுப் பசியையும் சேர்த்துப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

2025இல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது திருப்பூரே நடுங்கியது. வரியில்லா வர்த்தகம்தான் நல்லது என்று அப்போதாவது ஒப்புக்கொண்டீர்களா?
– தையல் தொழிலாளி, அவினாசி

நடுங்கினேன், தம்பி. ஆகஸ்ட் 27 அன்று அந்த வரி அமலுக்கு வந்தபோது, இன்னும் வேலையில் இருக்கும் என் பழைய தோழிகளுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தேன். யாரை முதலில் வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று உங்களுக்கே தெரியும், பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் பெண்களை. வரி குறைந்த ஆண்டுகளில் அவர்களுடைய கூலி அதற்கேற்ப ஏறியதா? வரி ஏறிய மாதத்தில் மட்டும் நஷ்டம் நேராக அவர்களிடம் போனது.

சுவர் எழுப்ப வேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்லவில்லை. அமெரிக்கா 1962இலேயே, இறக்குமதியால் வேலை இழந்தவர்களுக்கு உதவித்தொகையும் பயிற்சியும் தரச் சட்டம் போட்டது. போதாத உதவிதான், 2022 ஜூலையோடு புதியவர்களுக்கு அதுவும் நின்றுவிட்டது. ஆனாலும் நஷ்டப்படுபவர்கள் இருக்கிறார்கள் என்று சட்டத்தில் எழுதி வைத்தார்களே. நம் ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றோடும் அப்படி ஒரு நிதி வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் சங்கம் கேட்டால் நான் வந்து உங்களோடு நிற்கிறேன்.

ஒப்பந்தம் டெல்லியில் கையெழுத்தாகிறது. எங்களைப் போன்றவர்கள் என்ன செய்ய முடியும்?
– ஆசிரியை, ஈரோடு

பால்காரர்கள் செய்தார்கள். நியூசிலாந்துப் பால்பவுடர் வந்து குவியும் என்று கூட்டுறவுச் சங்கங்கள் விடாமல் குரல் கொடுத்தன. ஆசிய-பசிபிக் நாடுகள் சேர்ந்து போட்ட ஆர்.சி.இ.பி. என்ற வர்த்தக ஒப்பந்தத்தில் சேரமாட்டோம் என்று 2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில் இந்தியா அறிவித்ததில் அந்தக் குரலுக்கும் பங்குண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சுங்க எண் இருக்கிறது. டி-ஷர்ட்டுக்கு 6109, மிளகுக்கு 0904, பாமாயிலுக்கு 1511. ஒப்பந்தங்களின் முழு வாசகம் வர்த்தக அமைச்சகத்தின் இணையதளத்தில் கிடைக்கும். உங்கள் ஊரில் விளையும் பொருளின் எண்ணைத் தேடிப் பாருங்கள். எத்தனை ஆண்டுகளில் வரி எவ்வளவு இறங்கும் என்று எழுதியிருக்கும். மாணவர்களுக்கு இதை ஒரு பயிற்சியாகவே கொடுக்கலாம்.

2025 ஜூலை 24 அன்று பிரிட்டனோடு ஒப்பந்தம் கையெழுத்தான அன்று நானும் 6109ஐத் தேடிப் பார்த்தேன். வரி பூஜ்யம். மகிழ்ந்தேன், இனிப்பு வாங்கிப் பேத்திக்குக் கொடுத்தேன். மறுநாள் காலையில் கணக்குப் போட உட்கார்ந்தேன். கூடுதல் ஆர்டர் என்றால் கூடுதல் சாயம், கூடுதல் சாயம் என்றால் கூடுதல் உப்பு. சுத்திகரிப்பு நிலையங்களில் தண்ணீரை வற்ற வைத்த பிறகு மிஞ்சும் கலப்பு உப்பு, மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் ஏற்கெனவே அடுக்கியிருக்கிறது. இன்னும் எத்தனை மூட்டைகள் சேரும், அவற்றை எங்கே வைப்பார்கள், அதற்கு யார் பணம் கொடுப்பார்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் இந்தப் பக்கத்தில் அப்படியே அச்சிடுகிறேன்.